தம்பியின் தலைவலியை முதலில் பாருங்கள்

கேள்வி:

நான் மஸ்கட்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தக்கலைப் பக்கம். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. தம்பிக்கு 21 வயது, பி.காம். கடைசி வருடம். எங்கள் பாட்டா, நம் ஊர்த் தற்காப்புக் கலையான அடிமுறையின் ஆசான். சின்ன வயதிலேயே அவரிடம் படித்தவன். அப்புறம் நாகர்கோவிலில் குத்துச்சண்டை, இப்போது வாரக் கடைசியில் திருவனந்தபுரம் போய் எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை) பழகுகிறான். மூன்று அமெச்சூர் போட்டியில் இரண்டில் ஜெயித்திருக்கிறான். அடுத்த மாதம் ஒரு தொழில்முறைப் போட்டிக்கு அழைப்பு வந்திருக்கிறது. 65.8 கிலோ பிரிவு. அவன் இப்போது 74 கிலோ. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வேளிமலை அடிவாரத்தில் மத்தியானம் ஓடுகிறான் என்று அம்மா சொல்கிறாள். போன மாதம் பயிற்சியில் தலையில் அடிபட்டு வாந்தி எடுத்தானாம், ஒரு வாரம் தலைவலி இருந்தது, ஆனால் நான்காம் நாளே பயிற்சிக்குப் போய்விட்டான். இப்போது படிப்பை நிறுத்திவிட்டுத் தாய்லாந்தில் மூன்று மாதம் பழக நாலு லட்சம் கேட்கிறான். அப்பாவுக்குத் துளியும் விருப்பமில்லை. இதை நம்பி ஒருவன் பிழைக்க முடியுமா, டாக்டர்? பணம் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

பிழைக்க முடியுமா, பணம் கொடுக்கலாமா என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் தலையில் அடிபட்டு வாந்தி எடுத்தான், நான்காம் நாளே பயிற்சிக்குப் போனான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. விளையாட்டுக் காயங்களுக்கு வைத்தியம் பார்ப்பது என் வேலை. குத்துச்சண்டை, எம்.எம்.ஏ. போட்டிகளில் கூண்டோரம் மருத்துவராக உட்கார்ந்தும் இருக்கிறேன். கை முறிந்தவர்கள், முழங்கால் நார் அறுந்து அறுவை சிகிச்சை செய்தவர்கள் எல்லாம் ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்து நன்றாக ஆடியதைப் பார்த்திருக்கிறேன். தலையில் அடிமேல் அடி வாங்கியவர்கள் அப்படித் திரும்புவதில்லை. அதனால் என் பதில் அங்கேதான் தொடங்குகிறது.

தம்பிக்கு வந்தது கன்கஷன், அதாவது மூளையதிர்ச்சி என்றுதான் நீங்கள் எழுதியதை வைத்து நினைக்கிறேன். நினைவு தப்பி விழுந்தால்தான் கன்கஷன் என்று பயிற்சிக் கூடங்களில் இன்னும் நம்புகிறார்கள். அப்படி இல்லை என்று நர்ஸான உங்களுக்குத் தெரியும். வாந்தி, தலைவலி, வெளிச்சம் பட்டால் கண் கூசுவது, தூக்கம் கெடுவது, ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவது, படித்தது மனதில் நிற்காமல் போவது எல்லாமே அதன் அடையாளங்கள். சி.டி. ஸ்கேன் எடுத்து நார்மல் என்று வந்தால், ரத்தக் கசிவோ எலும்பு முறிவோ இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். கன்கஷன் இல்லை என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. முதல் அடி ஆறுவதற்கு முன்னால் இரண்டாவது அடி விழுவதுதான் பயம். அபூர்வமாகத்தான் நடக்கும் என்றாலும், இளம் விளையாட்டு வீரர்களுக்கு மூளை திடீரென்று வீங்கி உயிர் போனதும் உண்டு. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் சில வாரத்தில் ஆற வேண்டியது மாதக்கணக்கில் இழுக்கும்.

2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்த வழிமுறை ஒன்று இருக்கிறது. உலகம் முழுக்க விளையாட்டு மருத்துவர்கள் பின்பற்றுவது. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, ஆனால் இருட்டறையில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. பிறகு நடை, நிற்கும் சைக்கிள் என்று மெதுவாக இதயத் துடிப்பைக் கூட்டுவது. அப்புறம் தனியாக நுட்பப் பயிற்சி, பிறகு அடிபடாத கூட்டுப் பயிற்சி. மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ஸ்பாரிங், அதாவது எதிராளியோடு மோதிப் பழகுவது. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். நடுவில் தொந்தரவு கூடினால் நிறுத்திவிட வேண்டும். அது அடங்கிய பிறகுதான் அடுத்த முயற்சி. தம்பி இதில் ஒரு படியைக்கூட ஏறாமல் தலைவலியோடு நேரே பயிற்சிக்குப் போயிருக்கிறார்.

இந்த வாரமே அவரை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ திருவனந்தபுரத்திலோ ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள். அதுவரை ஸ்பாரிங் வேண்டாம். தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, மறுபடி வாந்தி வந்தாலோ, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கம் கைகால் தளர்ச்சி என்று எது தெரிந்தாலும் நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பாட்டாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நம் மாவட்டத்தில் அடிபட்ட பையனை முதலில் ஆசானிடம் கொண்டுபோய் அடங்கல் (வர்ம முறையில் அமுக்கித் தெளியவைப்பது) போடுவதுதான் பழக்கம். அந்தக் கலையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. சுளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் அவர்கள் கை எவ்வளவு நிதானமாக வேலை செய்யும் என்று பார்த்தவன்தான் நான். ஆனால் தலையில் அடிபட்டு வாந்தி எடுத்தவன் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இதை நீங்கள் சொல்வதைவிட பாட்டா சொன்னால் தம்பி கேட்பார்.

அடுத்த மாதப் போட்டி வேண்டாம். முறையான விளையாட்டு ஆணையம் கண்காணிக்கும் போட்டிகளில், நாக் அவுட் ஆனவரைக் குறிப்பிட்ட காலத்துக்குச் சண்டையும் ஸ்பாரிங்கும் கூடாது என்று மருத்துவக் காரணத்தால் தடை செய்வார்கள். இரண்டு மாதம் வரை போவது சாதாரணம். பயிற்சியில் வாங்கிய அடிக்கு அப்படித் தடை போட யாரும் இல்லை. வீட்டில் இருப்பவர்கள்தான் போட வேண்டும்.

அதோடு எடை. 74 கிலோவிலிருந்து 65.8 என்றால் எட்டு கிலோவுக்கு மேல், உடல் எடையில் பத்து சதவீதத்துக்கும் அதிகம். ஒரு மாதத்தில் அவ்வளவு கொழுப்பு இறங்காது. கடைசி மூன்று நாளில் தண்ணீரை வற்ற வைத்துத்தான் அந்த எண்ணைத் தொடுவார்கள். மழைக்கோட்டு ஓட்டம் அதற்கான முன்னோட்டம்தான். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். நம் ஊர் ஈரக்காற்றில் வெறும் உடம்போடு ஓடினாலே வியர்வை சரியாகக் காயாது. பிளாஸ்டிக்குக்குள் ஓடினால் சூடு வெளியேற வழியே இல்லை. ரத்தம் கெட்டிப்படும், சிறுநீரகம் திணறும், இதயத் துடிப்பு தடம் மாறும். 2015 டிசம்பரில் மணிலாவில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற நிறுவனத்தின் எம்.எம்.ஏ. போட்டிக்காக எடை குறைத்த யாங் ஜியான் பிங் என்ற 21 வயதுச் சீன வீரர் கூண்டுக்குள் போகும் முன்பே இறந்துபோனார். அதன் பிறகுதான் அந்த நிறுவனம் தண்ணீர் வற்ற வைத்து எடை குறைப்பதைத் தடை செய்து, சிறுநீரைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. உங்கள் தம்பியின் வயதுதான் அந்தப் பையனுக்கும்.

நீங்கள் நர்ஸ் என்பதால் இன்னொன்று சொல்ல வேண்டும். வீட்டில் நர்ஸ் இருந்தால் லாசிக்ஸ் மாத்திரை கேட்பார்கள், எடை பார்த்து முடித்ததும் டிரிப் போடச் சொல்வார்கள். இரண்டுக்கும் இடம் கொடுக்காதீர்கள். சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரைகள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இருப்பவை. மருத்துவமனைச் சிகிச்சைக்கு இல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் டிரிப் ஏற்றுவதும் அப்படித்தான். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எப்படியும் டிரிப் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் பையன்கள் அபாயமான அளவுக்கு வற்றுகிறார்கள். 74 கிலோ உடம்புக்கு 70.3 கிலோ பிரிவுதான் பொருத்தம். அதுவும் இரண்டு மூன்று மாதம் சாப்பாட்டைச் சீர்படுத்தி இறங்கினால் போதும்.

சரி, பிழைப்புக்கு வருவோம்.

இந்தியாவில் எம்.எம்.ஏ.வை மட்டும் நம்பி வாழ்கிறவர்கள் மிகச் சிலர். சண்டையிடுபவர்களில் பெரும்பாலோர் பயிற்சியாளராகவோ ஜிம் நடத்தியோ வேறு வேலை பார்த்தோதான் வாழ்கிறார்கள். இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. கூண்டுக்குள் இறங்கினால் ஒரு தொகை, ஜெயித்தால் அதே அளவு இன்னொரு தொகை என்பதுதான் வழக்கமான ஒப்பந்தம். உலகத்தின் உச்சியில் இருக்கும் எம்.எம்.ஏ. நிறுவனமான யு.எஃப்.சி.யிலேயே புதிதாக வருபவருக்குப் பல வருடங்களாக இறங்க 12,000 டாலர், ஜெயிக்க 12,000 டாலர் என்ற அளவில்தான் இருந்தது. அதில் வரி, பயிற்சியாளர் பங்கு, மேலாளர் பங்கு எல்லாம் போகும். வருடத்துக்கு இரண்டு மூன்று சண்டை கிடைத்தால் பெரிது. வீரர்களின் வருமானத்தை அந்த நிறுவனம் அமுக்கி வைத்தது என்று 2014-ல் பழைய வீரர்கள் தொடுத்த வழக்கு, 37.5 கோடி டாலர் சமரசத் தொகையை நீதிமன்றம் 2025-ல் ஏற்றுக்கொண்ட பிறகுதான் முடிவுக்கு வந்தது. உச்சியிலேயே கணக்கு இப்படி என்றால் நம் ஊர்ப் போட்டிகளைப் பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

உத்தரகாண்டைச் சேர்ந்த அன்ஷுல் ஜூப்ளியைத் தம்பிக்குத் தெரியாமல் இருக்காது. ஆசிய வீரர்களுக்காக 2022-ல் தொடங்கிய ரோடு டு யு.எஃப்.சி. தொடரில் ஜெயித்து 2023 பிப்ரவரியில் ஒப்பந்தம் வாங்கினார். அதே வருடம் அக்டோபரில் அபுதாபியில் தோற்றார். அடுத்த சண்டை 2025 பிப்ரவரியில், சிட்னியில். 19 நொடியில் நாக் அவுட். நடுவில் பதினாறு மாதம் அவருக்கு யு.எஃப்.சி. சண்டை எதுவும் இல்லை. நாடே கொண்டாடிய வீரருக்கே இவ்வளவு இடைவெளி விழுகிறது. அந்த மாதங்களில் வாடகை, சாப்பாடு, பயிற்சிச் செலவு எதுவும் நிற்காது. தம்பியை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. அன்ஷுல் எட்டியது எளிய உயரம் இல்லை. அந்த உயரத்திலும் கையில் இன்னொரு வருமானம் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பி.காம். கடைசி வருடத்தை நிறுத்துவது அதனால்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னும் சில மாதம்தான், முடித்துவிடட்டும்.

பூஜா தோமரையும் அவர் கவனிக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்துப் பெண். சீனத் தற்காப்புக் கலையான உஷுவில் தேசிய அளவில் பல முறை ஜெயித்துவிட்டு எம்.எம்.ஏ.வுக்கு வந்தார். ஒன் சாம்பியன்ஷிப்பில் தோல்விகளைப் பார்த்தார், பிறகு இந்தியாவின் மேட்ரிக்ஸ் ஃபைட் நைட் போட்டியில் பட்டம் வென்றார், 2024 ஜூனில் யு.எஃப்.சி.யில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் ஆனார். ஒரு அடிப்படைக் கலையில் வருடக்கணக்காக ஊறிவிட்டு வந்தவர்கள் பிறகு தோற்றாலும் மீண்டு வருகிறார்கள். இன்னொரு எம்.எம்.ஏ. வீராங்கனையான ரித்து போகாட் மல்யுத்தத்திலிருந்து வந்தவர். தம்பிக்கு அந்த அடிப்படை அடிமுறையும் குத்துச்சண்டையும். அடிமுறையில் பிடியும் பூட்டும் உண்டு என்பதால் நம் பையன்களுக்குக் கையை எங்கே மடக்கினால் எங்கே வலிக்கும் என்ற உணர்வு இயல்பாகவே இருக்கும். ஆனால் இடுப்பைப் பிடித்துத் தரையில் சாய்த்து மேலே ஏறி உட்காரும் ஒருவனிடமிருந்து எழுந்து வர அடிமுறை பழக்கித் தராது. அதற்கு மல்யுத்தமும், தரைச்சண்டைக் கலையான ஜூ-ஜிட்சுவும் வேண்டும். வாரக் கடைசிப் பயிற்சியில் அது ஒரு வருடத்தில் வந்துவிடாது. தொழில்முறைக்கு அவர் இன்னும் தயாராகவில்லை என்று நான் நினைப்பதற்கு அடிபட்டதற்கு அடுத்த காரணம் இதுதான்.

அமெச்சூரிலேயே இன்னும் இரண்டு வருடமாவது இருக்கட்டும். அங்கே மூன்று நிமிடச் சுற்றுகள், முழங்கை அடி கிடையாது, காலுக்குப் பாதுகாப்புக் கவசம் உண்டு, கையுறையும் கொஞ்சம் கனமானது. தொழில்முறையில் ஐந்து நிமிடச் சுற்றுகள், நாலு அவுன்ஸ் கையுறை, முழங்கையால் முகத்தைக் கிழிக்கலாம். தொழில்முறையில் வாங்கும் ஒவ்வொரு தோல்வியும் ஷெர்டாக், டேப்பாலஜி போன்ற தளங்களில் பெயரோடு நிற்கும். பின்னால் எந்த நிறுவனம் அழைத்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். 21 வயதில் ஆறு வாரம்கூட ஒழுங்கான தயாரிப்பு இல்லாமல், எடை வற்றி, ஆறாத தலையோடு ஏன் அந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும்? 2026 ஆசிய விளையாட்டுப் பட்டியலில் எம்.எம்.ஏ.வைச் சேர்த்த பிறகு அமெச்சூர் பக்கமும் மதிப்பு கூடியிருக்கிறது.

அமெச்சூர் காலத்தில் உஷு சாண்டாவும் பழகச் சொல்வேன். குத்து, உதை, தூக்கி எறிதல் மூன்றும் அதில் உண்டு. அடிமுறைக் கால்களுக்கு நன்றாக ஒத்துப்போகும். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மணிப்பூரின் ரோஷிபினா தேவி வெள்ளி வாங்கியது இந்த ஆட்டத்தில்தான். துணை ராணுவப் படைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்புகளில் குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோவோடு உஷுவும் வருவதைப் பார்க்கலாம். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. சிலம்பமும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அப்பாவின் மனம் கொஞ்சம் இளகுவதற்கும் இந்தப் பேச்சு உதவும். விடியும் முன்பே எழுந்து தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற மனிதருக்குப் பிள்ளையின் கையில் நிலையான ஒன்று இருக்க வேண்டும் என்று தோன்றுவதில் என்ன தப்பு? சண்டைக் காலம் முடிந்த பிறகும் கலையோடு வாழ வழி இருக்கிறது. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் படிப்பு, சென்னையில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் படிப்புகள் எல்லாம் பட்டம் வாங்கியவருக்குத் திறந்திருக்கின்றன.

பணத்துக்கு வருகிறேன். நாலு லட்சத்தை இப்போது கொடுக்க வேண்டாம். தாய்லாந்துக் கூடங்கள் நல்லவைதான். புக்கெட்டில் உலகத் தரமான பயிற்சி கிடைக்கும். ஆனால் அங்கே தினமும் இரண்டு வேளை, உலகின் பல பாகத்திலிருந்து வந்தவர்களோடு மோத வேண்டும். தரைச்சண்டை தெரியாதவர், தலை ஆறாதவர் அங்கே போனால் கற்பதைவிட அடி வாங்குவதுதான் அதிகமாக இருக்கும். ஒன்றரை வருடம் கழித்து, அடிப்படை பலப்பட்ட பிறகு போனால் அதே மூன்று மாதத்தில் மூன்று மடங்கு கற்றுக்கொள்வார். அப்போது தாராளமாகக் கொடுங்கள்.

இப்போது செலவு செய்ய வேறு இடங்கள் இருக்கின்றன. முதலில் நரம்பியல் பரிசோதனை, கண் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனைகள், பி தடுப்பூசி போடாவிட்டால் அதுவும். அவருக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடுங்கள். ஆனால் தொழில்முறை விளையாட்டுக் காயத்தை விலக்கியிருக்கிறார்களா என்று பாலிசியின் விலக்குப் பகுதியைப் படித்துவிட்டு எடுங்கள், பல பாலிசிகளில் விலக்கியிருப்பார்கள். நல்ல மல்யுத்த அல்லது ஜூ-ஜிட்சு பயிற்சிக்கு மாதக் கட்டணமும் ரயில் சீசன் டிக்கெட்டும். புரோட்டீன் டப்பாவுக்கு மட்டும் பணம் அனுப்பாதீர்கள். சாளையும் நெத்தோலியும் முட்டையும் பயறும் கிடைக்கிற ஊரில் அது அவசியமில்லை. மரச்சீனியும் சோறும் சாப்பிட்டால் எடை ஏறிவிடும் என்று அவற்றை முழுக்க விடவும் வேண்டாம். கடும் பயிற்சிக்கு மாவுச்சத்து வேண்டும்.

போட்டிக்கு அழைத்தவர்களுக்கு அவர் 'இப்போது முடியாது, மருத்துவர் தடுத்திருக்கிறார்' என்று எழுத்தில் சொல்லட்டும். போட்டி நடத்துபவர் நல்லவராக இருந்தால் அதை மதிப்பார். இன்னொரு முறை அழைப்பார். மதிக்காதவர் நடத்தும் கூண்டில் இறங்காமல் இருப்பதே நல்லது. பின்னால் எந்த அழைப்பு வந்தாலும் கூண்டோரம் மருத்துவர் இருக்கிறாரா, ஆம்புலன்ஸ் நிற்குமா, காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, எதிராளியின் வெற்றி தோல்விக் கணக்கு என்ன, எத்தனை வருடம் வேறெங்கும் சண்டையிடக் கூடாது என்று கட்டிப்போடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை ஒரு வக்கீல் படிக்கட்டும்.

இதையெல்லாம் தம்பியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அப்பாவைப் போல ஒரேயடியாகத் தடுத்தால் அவர் போகத்தான் போவார். வயது வந்த பிள்ளை, யாரும் கட்டிப்போட முடியாது. தடுத்தவர்களிடம் தலைவலியையும் சொல்ல மாட்டார். உங்களிடம் அவர் பணம் கேட்கிறார் என்றால் இன்னும் உங்களிடம் பேசுகிறார் என்று அர்த்தம். அதை விட்டுவிடாதீர்கள். உன் கனவுக்கு நான் துணை நிற்கிறேன், படிப்பை முடி, தலையில் அடிபட்டால் அன்றைக்கே எனக்குச் சொல், நானும் டாக்டரும் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் இல்லை, இந்த மூன்றுக்கும் சம்மதித்தால் மாதப் பயிற்சிச் செலவு என்னுடையது என்று பேசுங்கள். திருவனந்தபுரத்துப் பயிற்சியாளரிடமும் நீங்களே போனில் பேசுங்கள். வாந்தி எடுத்த பையனை நான்காம் நாள் பயிற்சிக்கு விட்டது அவருக்குத் தெரிந்தேவா, தெரியாமலா என்று கேளுங்கள். தெரிந்தே விட்டார் என்றால் பயிற்சிக் கூடத்தை மாற்ற வேண்டும். வாரத்துக்கு ஒரு நாளுக்கு மேல் கடும் ஸ்பாரிங் இல்லாத, தலையை விட்டு உடம்பில் வேலை செய்யப் பழக்குகிற கூடம்தான் வேண்டும்.

இன்றிரவு கூப்பிடும்போது போட்டியைப் பற்றிப் பேச்செடுக்காமல், இரவு தூக்கம் எப்படி, பாடப் புத்தகத்தை அரை மணி நேரம் தொடர்ந்து படிக்க முடிகிறதா, ஓடும்போது தலை பாரமாகிறதா, அந்த அடிக்கு முன்னால் இதுபோல எப்போதாவது வந்திருக்கிறதா என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதியோடு எழுதி நரம்பியல் மருத்துவரிடம் அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.